ஒயரைப் பிடித்து இழுத்தார். பாலத்தின் நடுவில் கார் நின்றது!

சென்னை-

காலை மணி 6½. கொட்டுகிற மழை. கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒரு பழைய மாருதி 800 கார் இருமியது. குலுங்கியது. அப்படியே நின்று விட்டது.

பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் ஆட்டோக்கள், பால் வேன், ஷிப்டுக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள். எல்லோரும் ஆரனை அழுத்தினார்கள். காரை ஓட்டி வந்தவர் மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா. பின் சீட்டில் அவருடைய தாயார். வயது 71. அன்று காலை 7 மணிக்கு எழும்பூர் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேசன்.

சாவியைத் திருப்பினார். "கிர்... கிர்..." என்றது. பிடிக்கவில்லை. மழையில் நனைந்தபடியே 4 பேர் சேர்ந்து காரைப் பாலத்தை விட்டு இறக்கித் தள்ளினார்கள். ஆட்டோ பிடித்து, நெரிசலில் ஊர்ந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி 9. அம்மாவின் முறை போய் விட்டது. அடுத்த தேதி 2 வாரம் கழித்து.

காருக்கு என்ன வியாதி? பெட்ரோல் இருந்தது. பேட்டரி புதுசு. என்ஜினில் ஒரு குறையும் இல்லை. கோளாறு, ஒரு முழ நீளமுள்ள ஒயரில்!

அதைக் கெடுத்தது மழை அல்ல. அவருடைய கைதான்.

"நீங்களே கழட்டினீங்களா?"

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போன இடம் புதுப்பேட்டை. பழைய கார் சாமான் என்றால் சென்னைவாசிகளின் கால் தானாகவே போகும் இடம் அது. அங்கே ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் முதியவரை எல்லோரும் "பாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்பாசடர் காலத்து மெக்கானிக்.

பாய் பானெட்டைத் தூக்கினார். ஸ்பேனரைத் தொடவே இல்லை. பிளக் ஒயர்கள் மூன்றையும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், பிளக்கை நீங்களே கழட்டினீங்களா?"

குமாஸ்தாவுக்குத் தூக்கி வாரிப்போட்டது. உண்மைதான். 3 வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பிளக்கைத் துடைத்துப் போட ஒரு மெக்கானிக் எதற்கு?" என்று நினைத்து அவரே துணிந்து இறங்கினார். பிளக் மேல் மாட்டியிருந்த ரப்பர் தொப்பி வரவில்லை. ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். "பட்"டென்று வந்தது. மூன்றையும் அப்படியே உருவினார். துடைத்தார். மாட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. மெக்கானிக் செலவு மிச்சம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

மறுநாளே வண்டி லேசாக மிஸ்சிங் அடிக்க ஆரம்பித்தது. பெட்ரோலில் கலப்படம் என்று நினைத்து பங்கை மாற்றினார். பில்டரை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தார். 3 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. மிஸ்சிங் மட்டும் போகவில்லை. ஒயர் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் வரும்? பார்க்க நன்றாகத்தானே இருந்தது!

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒயரைப் பிடித்து இழுத்தால் அது கையோடு அறுந்து வந்து விட்டால் பரவாயில்லை. புதுசு வாங்கிப் போட்டுவிடலாம். அப்படி அறுவதில்லை. உள்ளே அறுகிறது. வெளியே தெரிவதில்லை.

தொப்பிக்குள் என்ன இருக்கிறது?

பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் தொப்பியை ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்காரர்கள் "பிளக் கேப்" என்பார்கள். கார் மெக்கானிக்குகள் "பூட்" என்பதும் உண்டு. இரண்டும் ஒரே வேலைதான். வீட்டில் வரும் கரண்ட் 230 வோல்ட். காயிலில் இருந்து இந்த ஒயர் வழியாகப் பிளக்குக்குப் போவது 20 ஆயிரம் வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும். வண்டிக்கு வண்டி கூடும், குறையும். அந்தக் கரண்ட் வழியில் எங்கேயும் வெளியே தாவிவிடாமல் பிளக்கின் தலையில் கொண்டுபோய் இறக்குவதுதான் இந்தத் தொப்பியின் உத்தியோகம்.

கார் ஒயர் என்றதும் உள்ளே செம்புக் கம்பி இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் இருந்தது. பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் கண்ணாடி நார்தான். அதில் கரியை ஏற்றியிருப்பார்கள். கரண்ட் அந்தக் கரி வழியாகப் போகிறது.

செம்பை விட்டுக் கரிக்கு ஏன் போனார்கள்? பிளக்கில் தீப்பொறி பறக்கும்போதெல்லாம் ரேடியோவில் கரகரப்பு கேட்கும். சென்னையில் தூர்தர்சன் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. அந்த நாளில் டி.வி. பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனால் போதும், திரையில் கோடு கோடாக ஓடும். கூரை ஏறி ஆண்டெனாவைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை. அந்த இரைச்சலை அடக்கத்தான் ஒயரில் கரியும், மோட்டார் சைக்கிள் கேப்புக்குள் 5 ஆயிரம் ஓம் தடை ஒன்றும் வைத்தார்கள்.

பாய் சொன்னார்:-

"பார்க்க கயிறு மாதிரி இருக்குது. அதனாலே எல்லாரும் கயிறுன்னு நினைச்சு இழுக்கிறாங்க. உள்ளே இருக்கிறது நூலு சார். அதோட நுனியிலே ஒரு சின்ன தகரக் கிளிப்பு. அந்தக் கிளிப்பு பிளக்கைக் கவ்விப் பிடிச்சிருக்கும். நீங்க ஒயரை இழுத்தா, கிளிப்பு அங்கேயே நிக்கும். நூலு இந்தப் பக்கம் வந்திடும்."

அப்புறம் எப்படி 3 வாரம் ஓடியது?

நூல் கிளிப்பை விட்டு ஒரு மயிரிழை விலகியிருக்கும். 20 ஆயிரம் வோல்ட்டுக்கு அது ஒரு தூரமா? குதித்துத் தாண்டிவிடும். வண்டி ஓடும். ஆனால் ஒவ்வொரு குதிப்பிலும் நுனிக் கரி கொஞ்சம் எரியும். என்ஜின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்று சுற்றும்போது மாருதி மாதிரி வண்டியில் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,500 தடவை அடிக்கிறது. அத்தனை தடவை எரிகிறது. மயிரிழை நூலாகும், நூல் பிளவாகும். ஒரு நாள் தாண்ட முடியாமல் போய்விடும்.

குமாஸ்தாவின் காரில் ஒரு ஒயர் அப்படிச் செத்தது. இன்னொரு ஒயரின் தொப்பி இழுத்த இழுப்பில் வாய்ப்பக்கம் கிழிந்திருந்தது. வெயிலில் அது தெரியவில்லை. மழைத் தண்ணீர் தெறித்ததும் கரண்ட் கிழிசல் வழியாக என்ஜின் உடம்புக்கு இறங்கி விட்டது. 3 சிலிண்டரில் 2 போயிற்று. மிச்சம் இருந்த ஒன்று பாலத்தில் எப்படி ஏறும்?

ஏன் ஒட்டிக் கொள்கிறது?

பிளக்கின் மேல்பகுதி வழவழப்பான பீங்கான். அதன் மேல் ரப்பர் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. தினமும் என்ஜின் சூட்டில் வேகிறது, ஆறுகிறது. வருடக் கணக்கில் இப்படி நடந்தால் அடுப்பில் வைத்த பாத்திரத்தில் அடிப்பிடித்த மாதிரி ரப்பர் பீங்கானோடு ஒட்டி விடும். உள்ளே காற்றும் இல்லாததால் இழுக்க இழுக்க உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் நேராக இழுப்பதில் பயன் இல்லை. முதலில் ஒட்டை உடைக்க வேண்டும். அதற்கு வழி, திருகுவது.

பாய் செய்து காட்டினார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்ஜின் நன்றாக ஆறியிருந்தது. தொப்பியின் தடித்த பகுதியை, பிளக்குக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில், விரலால் பிடித்தார். ஒயரில் விரல் படவே இல்லை. கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். மெதுவாக 2, 3 தடவை. "சர்க்" என்று ஒரு சின்ன சத்தம். தொப்பி பீங்கான் மேல் சுழல ஆரம்பித்தது. பிறகு திருகிக்கொண்டே நேராக மேலே எடுத்தார். வந்து விட்டது. மொத்தம் அரை நிமிடம்.

"நேரா எடுக்கணும் சார். சாய்ச்சு நெம்பினா பீங்கான் விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் புதுப் பிளக்கும் மிஸ்சிங் அடிக்கும், நீங்க என் சட்டையைப் பிடிப்பீங்க."

கையால் வரவில்லை என்றால்? கட்டிங் பிளேயரை எடுக்கக் கூடாது. அதன் பல் ரப்பரைக் கடித்துக் குதறிவிடும். இதற்கென்றே வளைந்த வாயும் ரப்பர் உறையும் போட்ட பிளேயர் விற்கிறது. அதில் பிடித்துத் திருகலாம். இல்லாதவர்கள் தடித்த துணியைச் சுற்றிப் பிடிக்கலாம். அதற்கும் மசியாத தொப்பி என்றால், வாயோரத்தில் சிலிக்கான் ஸ்பிரேயைக் கொஞ்சம் விட்டு, முனை மழுங்கிய மெல்லிய குச்சியைப் பீங்கானுக்கும் ரப்பருக்கும் நடுவில் நுழைத்து ஒரு வட்டம் சுற்றினால் விட்டுக்கொடுக்கும். கூரான ஸ்குரூ டிரைவரை நுழைத்தால் உள்பக்கம் கீறல் விழும். மழைக்காலத்தில் கரண்ட் அந்தக் கீறலைத் தேடிக்கொண்டு வரும்.

லேசான சூடு இருந்தால் ரப்பர் இளகி சுலபமாக வரும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தொப்பி மட்டும் என்றால் சரி. ஆனால் அடுத்தது பிளக்கைக் கழற்ற வேண்டுமே! இப்போதைய என்ஜின்களின் தலை அலுமினியம். சூட்டில் பிளக்கைத் திருகினால் மரை கையோடு வந்துவிடும். பிறகு ஒயர் செலவைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? டீ குடித்து, பேப்பர் படித்துவிட்டு வந்து கழற்றுவதுதான் லாபம்.

ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றி, துடைத்து, மாட்டிய பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் மொத்தமாக உருவிவிட்டு எது எங்கே என்று முழிப்பவர்களைப் பட்டறையில் தினமும் பார்க்கலாம். மாருதி 800-ல் தீப்பொறி 1-3-2 என்ற வரிசையில் போகும். அம்பாசடரில் 1-3-4-2. ஒயர் மாறினால் வண்டி பிடிக்காது, அல்லது கார்புரேட்டரில் "டப்" என்று வெடிக்கும்.

தொப்பியை எடுத்தவுடன் பிளக்கைத் திருகிவிடவும் கூடாது. பள்ளத்தில் மண்ணும் தூசியும் குவிந்திருக்கும். பஞ்சர் கடையில் காற்று பிடித்து ஊதிவிட்டுக் கழற்றினால் அது சிலிண்டருக்குள் விழாது.

ஓடுகிற வண்டியில் உருவலாமா?

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஒயராக உருவுவார்கள். உருவியதும் என்ஜின் தள்ளாடினால் அந்த சிலிண்டர் நல்லது. தள்ளாடாவிட்டால் அதுதான் சவம். மரப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு பையன்கள் இதை வித்தை மாதிரி செய்வார்கள். ஷாக் அடித்துக் கையை உதறினால் பட்டறையே சிரிக்கும்.

இதை இன்றைய வண்டியில் செய்தால் சிரிக்க முடியாது. ஷாக் வாங்கிய வேகத்தில் கை பின்னால் போய் பேன் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அந்தக் காலத்திலும் இருந்தது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. வண்டிக்கும் கேடு. போக வழியில்லாத கரண்ட் காயிலுக்குள்ளேயே வெடித்து அதைக் கெடுத்துவிடும். எலக்ட்ரானிக் பெட்டியும் சேர்ந்து போகலாம்.

எரியாத பெட்ரோல் இன்னொரு சங்கதி. 1995-ம் ஆண்டு ஏப்ரல் முதல் சென்னை உள்பட 4 பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஒரு சிலிண்டர் அடிக்காவிட்டால் அந்தப் பெட்ரோல் அப்படியே போய் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது உருகிப்போனால் மாற்றுகிற செலவு ஒயர் செட்டின் விலையைப் போலப் பல மடங்கு. புதிய கார்களில் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் "ஆபீஸ் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று போகாதீர்கள்.

ஸ்கூட்டர்காரர்களே, உங்களுக்கு!

2 ஸ்டிரோக் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு பிளக் கேப் ஒரு பழைய சிநேகிதர். டிக்கியில் ஒரு பிளக் ஸ்பேனர், தாளில் சுற்றிய ஒரு பழைய மைக்கோ பிளக், உப்புக் காகிதத் துண்டு ஒன்று இல்லாத வண்டி கிடையாது. மவுண்ட் ரோட்டு ஓரத்தில் டை கட்டிய ஆபீசர்கூட உட்கார்ந்து பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பார். இன்றைய வண்டிகளில் அந்தத் தொல்லை இல்லை. 2020-ம் ஆண்டு ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு பெரும்பாலான இரு சக்கர வண்டிகளில் கார்புரேட்டரும் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. ஆனால் பிளக்கும் கேப்பும் போகவில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை தொடுவதால் கைப்பழக்கம்தான் போய்விட்டது.

இதில் ஒரு சூட்சுமம். பல மோட்டார் சைக்கிள்களில் கேப், ஒயரின் நுனியில் மரை மாதிரி திருகி ஏற்றப்பட்டிருக்கும். காரில் செய்வது போலத் தாராளமாகத் திருகினால், அதுவும் இடப்பக்கமாகத் திருகினால், கேப் ஒயரை விட்டுக் கழன்றுவிடும். அதனால் கொஞ்சமாக ஆட்டி, கேப்பைப் பிடித்து நேராக எடுக்க வேண்டும். தப்பித் தவறிக் கழன்றுவிட்டால் பதறவேண்டாம். ஒயரின் நுனியில் கால் அங்குலம் வெட்டிவிட்டு, புதுக் கம்பி தெரியும்படி வைத்து, வலப்பக்கமாகத் திருகி ஏற்றினால் முன்னைவிட நன்றாகவே பிடிக்கும். ஒயர் நீளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வெட்டுங்கள்.

பிளக்கின் தலையில் உள்ள குட்டி நட்டையும் கவனிக்க வேண்டும். சில கேப்புகளுக்கு அந்த நட் வேண்டும். சிலவற்றுக்கு அதைக் கழற்றிவிட்டு வெறும் மரை மேல்தான் மாட்ட வேண்டும். கடைக்காரர் கொடுத்த பிளக்கை அப்படியே மாட்டாமல், பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நட் லூசாக இருந்தால் அடுத்த தடவை அது கேப்புக்குள்ளேயே தங்கிவிடும்.

ஒயரே இல்லாத கார்

இப்போது வரும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் நீள ஒயர் கிடையாது. ஒவ்வொரு பிளக் மேலேயும் ஒரு காயில் நேராக உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் குழாய், ஆழமான பள்ளத்துக்குள் இறங்கிப் பிளக்கைக் கவ்வியிருக்கும். இழுக்க ஒயர் இல்லையே, தொல்லை விட்டது என்றால், அதுதான் இல்லை.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட வேண்டும். அடுத்தது பிளாஸ்டிக் சாக்கெட். சூட்டில் கிடந்து அப்பளமாகியிருக்கும். அதன் பூட்டை அழுத்தாமல் இழுத்தால் நொறுங்கிவிடும். பிறகு போல்ட்டு. அதை எடுத்த பிறகு காயிலைப் பிடித்து இடவலமாகச் சற்றுத் திருகி, ஒட்டு விட்டதும் நேராகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதிக் குழாய் பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடும். நீள மூக்குப் பிளேயரை விட்டுத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். பள்ளத்தில் ஆயில் நின்றால் ரப்பர் ஊறிப் பெருத்திருக்கும். அங்கே மேல்மூடி வாஷர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டுப் பயன் இல்லை.

திரும்ப மாட்டும்போது

தொப்பியின் வாய்க்குள் சிலிக்கான் கிரீசை மெல்லிசாகத் தடவினால் அடுத்த தடவை ஒட்டாது, தண்ணீரும் புகாது. இதற்கென்று கடையில் குட்டி டியூப் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் கிளிப்பில் அப்ப வேண்டாம். ரப்பரில் மட்டும் போதும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. அது ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

பிறகு "டக்" என்று கிளிப் பிடிக்கிற வரை அழுத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் மாட்டவில்லை என்றுதான் கணக்கு.

ஒயர் மேல் சந்தேகம் வந்தால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வண்டியை ஓடவிட்டு, கையை வைக்காமல் தள்ளி நின்று பாருங்கள். கரண்ட் கசிகிற இடத்தில் நீலப்பொறி மின்னும். உள்ளே அறுந்ததைப் பார்க்க மல்டி மீட்டர் வேண்டும். மூன்று ஒயரையும் வரிசையாக அளந்தால், நீளத்துக்குத் தக்கபடி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒன்று மட்டும் எகிறினாலோ, முள்ளே அசையாவிட்டாலோ அதுதான் குற்றவாளி.

பிளேடு வைத்துக் கிழித்தார்

பாய் புது ஒயர் செட் போட்டார். சில நூறு ரூபாய்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே பிடியில் பிடித்தது. குலுக்கல் இல்லை.

குமாஸ்தாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "பழைய ஒயர் நல்லாத்தானே பாய் இருக்குது?" என்றார்.

பாய் பேசவில்லை. பிளேடை எடுத்து அந்தத் தொப்பியை நீளவாக்கில் கிழித்து அவர் கையில் கொடுத்தார். உள்ளே கிளிப் பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே அரிசி நீளத்துக்கு வெற்றிடம். சுற்றிலும் கரிப்பொடி. விரலில் கருப்பாக ஒட்டியது.

அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். 2 வாரம் கழித்து அதே காரில், அதே பாலத்தின் வழியாக, அம்மாவை அழைத்துப் போனார். 6½ மணிக்குப் பதில் 5½ மணிக்கே கிளம்பிவிட்டார்.